தாயிடமிருந்து வந்த ஹெபடைட்டிஸ் பி: எஸ்ஜிபிடி 40க்குள் இருந்தால் குழந்தையின் ஈரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

கேள்வி: கிராமச் செவிலி

7 வயதுப் பையன், எடை 22 கிலோ. அம்மாவுக்கு ஹெபடைட்டிஸ் பி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி அட்டையில் பதிவாகவில்லை. பென்டாவேலன்ட் (ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் சேர்ந்த ஐந்து நோய்க் கூட்டு ஊசி) மூன்று தவணையும் போட்டிருக்கிறது. பையனுக்கு சர்ஃபேஸ் ஆன்டிஜென் (தொற்று இருப்பதைக் காட்டும் வைரஸ் புரதம்), இ-ஆன்டிஜென் (வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் புரதம்) இரண்டுமே பாசிட்டிவ். வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) மில்லிக்கு 10 கோடி யூனிட்டுக்கு மேல். எஸ்ஜிபிடி (ஈரல் செல் சேதமானால் ரத்தத்தில் ஏறும் நொதி) போன வருடம் 22, இப்போது 37. அதே போன்ற இன்னொரு நொதியான எஸ்ஜிஓடி 40, பிளேட்லெட் 3.2 லட்சம். மஞ்சள் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான், ஓடியாடுகிறான். லேப் தாளில் "40 வரை நார்மல்" என்றிருப்பதால் இனி டெஸ்டே வேண்டாம் என்கிறார்கள் வீட்டில். இந்த வைரஸ் போகப் போக ஈரலை என்ன செய்யும்? மாத்திரை எப்போது தேவைப்படும்? கீழாநெல்லி கொடுக்கலாமா என்று பாட்டி கேட்கிறார்.

பதில் 1: ஈரல் வார்டு

டெஸ்டை விட்டுவிடக் கூடாத வயது இதுதான் மேடம்.

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ஈரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்லை நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் தாக்கும்போதுதான் சேதம் வருகிறது. பிறக்கும்போதே தொற்றிய குழந்தையின் உடம்பு பல வருடம் அந்த வைரஸை எதிர்ப்பதே இல்லை. அதனால்தான் வைரல் லோடு கோடிக்கணக்கில் இருந்தும் எஸ்ஜிபிடி சும்மா இருக்கும். பிறந்தபோது தொற்றினால் நூற்றில் 90 பேருக்கு நாள்பட்ட தொற்றாக நிலைத்துவிடுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் 5 பேருக்கும் குறைவுதான்.

பள்ளி வயதிலோ, பருவ வயதிலோ, சிலருக்கு இருபதுகளிலோ எதிர்ப்பு சக்தி விழித்துக்கொள்ளும். எஸ்ஜிபிடி ஏறும், வைரல் லோடு இறங்கத் தொடங்கும். இந்தச் சண்டை சில மாதத்தில் முடிந்து இ-ஆன்டிஜென் போய், அதன் ஆன்டிபாடி வந்துவிட்டால் பெரும்பாலும் ஈரல் தப்பித்துவிடும். 3 வயதுக்குள் இப்படி மாறுவது வருடத்துக்கு நூற்றில் 2 பேருக்கும் குறைவு, அதன் பிறகு 4-5 பேர். வருடக்கணக்கில் இழுத்தால்தான் சிக்கல். அழற்சி நீடிக்கிற இடத்தில் ஸ்டெல்லேட் செல்கள் (ஈரலில் வடுவை உண்டாக்கும் செல்கள்) கொலாஜன் நாரைச் சுரந்துகொண்டே இருக்கும். முதலில் போர்ட்டல் பகுதியை (ஈரலுக்குள் ரத்தக் குழாயும் பித்தக் குழாயும் சேர்ந்து ஓடும் இடம்) சுற்றி வடு, பிறகு ஒரு போர்ட்டல் பகுதிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே பாலம் போல வடு, கடைசியில் ஈரலே முடிச்சு முடிச்சாக மாறிச் சிரோசிஸ். இதை எஃப்0 (வடு இல்லை) முதல் எஃப்4 (சிரோசிஸ்) வரை தரம் பிரிக்கிறோம். எஃப்3 வரைகூட குழந்தைக்கு வெளியே ஓர் அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம்.

குழந்தைப் பருவத்திலேயே சிரோசிஸ் வருவது குறைவுதான். ஆனால் சிறுவயதில் தொற்றி, சிகிச்சையும் கண்காணிப்பும் இல்லாமல் விடப்பட்டவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் சிரோசிஸாலோ ஈரல் புற்றுநோயாலோ இறக்கிறார். இந்த வைரஸ் தன் டி.என்.ஏ.வை ஈரல் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடும் என்பதால், சிரோசிஸ் இல்லாத ஈரலிலும் புற்றுநோய் வரலாம். தைவானில் 1984 ஜூலையில் பச்சிளம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 6-14 வயதினரில் ஈரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70லிருந்து 1990-94க்குள் 0.36 ஆகக் குறைந்தது.

பதில் 2: ரத்தப் பரிசோதனை

தாளில் உள்ள 40 பெரியவர்களை வைத்துப் போட்ட எல்லை. குழந்தைகளுக்கு ஆண் 26, பெண் 22 என்றுதான் எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 37 என்பது உயர்வு. 22லிருந்து 37க்கு ஏறியிருப்பது அதைவிட முக்கியம். ஆனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். சாதாரண வைரல் காய்ச்சலில்கூட ஏறும். மூன்று மாதத்தில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று, அதே லேபில் எடுங்கள். இரண்டிலும் உயர்ந்தே இருந்தால் இ-ஆன்டிஜென், வைரல் லோடு இரண்டையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

வடு எவ்வளவு என்று கையிலேயே ஒரு கணக்குப் போடலாம். எஸ்ஜிஓடியை 40ஆல் வகுத்து, அதைப் பிளேட்லெட் எண்ணிக்கையால் (ஆயிரத்தில்) வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். இந்தப் பையனுக்கு 40/40 = 1, அதை 320ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 0.31. பெரியவர்களில் 0.5 தாண்டினால் வடு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. குழந்தைகளில் இந்தக் கணக்கு அவ்வளவு துல்லியமில்லை, அதனால் 0.31 வந்ததே என்று நிம்மதியாகிவிட வேண்டாம். வருடா வருடம் பிளேட்லெட் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் மண்ணீரல் பெரிதாகிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும்.

ஃபைப்ரோஸ்கேன் (ஈரல் எவ்வளவு கடினமாகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன்) எடுப்பதானால் மூன்று மணி நேரம் வெறும் வயிறு. குழந்தைக்கான சிறிய ப்ரோப் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்ஜிபிடி நூற்றுக்கணக்கில் ஏறியிருக்கும்போது எடுத்தால் வீக்கத்தாலேயே கடினம் கூடுதலாகக் காட்டும், அதை வடு என்று எண்ணிவிடுவார்கள்.

கிராமச் செவிலி

மிக்க நன்றி. மூன்று மாதத்தில் திரும்ப எடுக்கச் சொல்கிறேன். மாத்திரை தொடங்கினால் எந்த அளவு? வீட்டில் எதைக் கவனிக்கச் சொல்ல வேண்டும்?

பதில் 3: மருந்தாளுநர்

முடிவு டாக்டருடையது. பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் எஸ்ஜிபிடி உயர்ந்து, வைரல் லோடும் அதிகமிருந்தால் யோசிப்பார்கள். 2 வயது முடிந்து குறைந்தது 10 கிலோ இருந்தால் என்டெகாவிர் (வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் மருந்து) கொடுக்கலாம். முதல்முறை சிகிச்சை பெறும் 22 கிலோ குழந்தைக்கு, மில்லிக்கு 0.05 மி.கி. உள்ள திரவ மருந்தில் 7 மில்லி, தினம் ஒரு வேளை. 30 கிலோ தாண்டினால் 0.5 மி.கி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கொடுக்க வேண்டும், கொடுத்தபின் இரண்டு மணி நேரம் சாப்பாடு கூடாது. அதிகாலை எழுப்பிக் கொடுப்பது பல வீடுகளில் சரிப்படும். எடை ஏறுவதற்கேற்ப அளவை மாற்றாமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இன்னொன்று, நன்றாகிவிட்டான் என்று தாங்களாகவே நிறுத்துவது. அப்படி நிறுத்தினால் வைரஸ் பாய்ந்து ஏறி ஈரல் திடீரென வீங்கும், ஆபத்தானது. இ-ஆன்டிஜென் போன பிறகும் குறைந்தது ஒரு வருடம் தொடர வேண்டும்.

கீழாநெல்லி: 1988ல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், அதை உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு சர்ஃபேஸ் ஆன்டிஜென் போனதாகக் கண்டார்கள். பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. பாட்டியிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், இதை நம்பி டெஸ்டையோ மாத்திரையையோ தள்ளிப்போடக் கூடாது. கலவை தெரியாத பொடி, லேகியம் எதுவும் வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி.க்கு மேல் ஒரு வேளைக்குப் போகக் கூடாது. ஸ்டீராய்டு நாள்கணக்கில் தருவதானால் ஹெபடைட்டிஸ் பி இருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பதில் 4: ஈரல் வார்டு

ஒன்றைச் சேர்க்கிறேன். கால் வீக்கம், முக வீக்கம், சிறுநீரில் நுரை இருந்தால் சிறுநீரில் புரதம் பாருங்கள். இந்த வைரஸ் குழந்தைகளின் சிறுநீரகத்தையும் தொடும். ஹெபடைட்டிஸ் ஏ தடுப்பூசி போட்டுவிடுங்கள். உடல் பருமன் வேண்டாம், ஈரலில் கொழுப்பும் சேர்ந்தால் வடு வேகமாகும். பல் பிரஷ், நகவெட்டி தனி. பள்ளியில் ஒதுக்கி வைக்கத் தேவையே இல்லை, கூட உட்கார்ந்து சாப்பிடலாம்.

அண்ணன் தங்கைகளையும் அப்பாவையும் பரிசோதித்து, நெகட்டிவாக இருப்பவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். அம்மா மறுபடி கருவுற்றால் வைரல் லோடு பாருங்கள். மில்லிக்கு 2 லட்சம் யூனிட் தாண்டினால் 28வது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் (வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை). குழந்தை பிறந்ததும் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் 100 யூனிட் இம்யூனோகுளோபுலின் (தயார் நிலை ஆன்டிபாடி ஊசி), இரண்டும் 12 மணி நேரத்துக்குள். அந்தக் குழந்தைக்கு 9 முதல் 12 மாதத்துக்குள் சர்ஃபேஸ் ஆன்டிஜென், ஆன்டிபாடி இரண்டும் பாருங்கள். 2018ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், அதற்கான மையத்தின் முகவரியை மாவட்ட மருத்துவமனையில் கேட்டுக் கொடுங்கள்.