பாலைக் கண்டு ஓடும் பூனையை உண்ணிக்குச்சியில் எப்படிக் காட்டுவது?

கோத்தகிரி உண்ணிக்குச்சி:
உண்ணிச்செடி (லான்டானா) குச்சியில் கூடை, மோடா செய்து வந்தவள், இந்த வருடக் கொலுவுக்குத் தெனாலிராமன் பொம்மையில் கைவைத்தேன். ராமனைச் செய்தால் குடுமியும் பஞ்சகச்சமுமாகக் கல்யாண செட்டில் வரும் புரோகிதர் மாதிரி நிற்கிறான். குறும்பைத் தேட வேண்டியிருக்கிறது. சரி, அவனுடைய பூனையைச் செய்வோம் என்று திரும்பினேன்.

கதை தெரிந்ததுதான். எலித் தொல்லை தீர, கிருஷ்ணதேவராயர் வீட்டுக்கொரு பூனையும் அதன் பாலுக்கு ஒரு பசுவும் தருகிறார். ராமன் முதல் நாளே கொதிக்கிற பாலை வைக்கிறான். வாய் வெந்த பூனை அப்புறம் கிண்ணத்தைக் கண்டாலே ஓடுகிறது. பால் முழுக்க ராமனுக்கு.

உண்ணிக்குச்சியில் எலும்பு தானாக வரும், சதைதான் வராது. அதனால் பூனை ஒல்லியாக, எனக்குப் பிடித்த மாதிரியே வந்தது. ஆனால் பார்க்கிறவர்கள் "குச்சி பத்தலையா அக்கா?" என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி ஆட்டுக்குட்டி என்றே முடிவு செய்துவிட்டார். பயத்தை எப்படிக் கொண்டுவருவது?

கூடலூர்த் தம்பி:
அக்கா, முதுகுக் குச்சியை வேகவைத்து, தோலுரித்து, சூடு ஆறுவதற்குள் வளையுங்கள். முன்கால் இரண்டும் நீண்டு ஊன்றி, பின்பக்கம் தாழ்ந்து, காது தலையோடு ஒட்டியிருந்தால் பூனை பின்வாங்குவது தெரியும். எங்கள் பக்கம் செய்து 2021இல் லண்டன் பூங்காக்களில் நிறுத்திய உண்ணிக்குச்சி யானைகளுக்கே உள்ளே இரும்புச் சட்டம் உண்டு. பூனைக்குக் கொஞ்சம் கட்டுக்கம்பி கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

ஊட்டி வாசகர்:
ராமனை விடாதீர்கள். 'விகடகவி'யைத் திருப்பிப் படித்தாலும் விகடகவி. முன்னும் பின்னும் ஒரே முகம் வைக்கலாமே?

பண்ருட்டி காகிதக்கூழ்:
கொலுப்படியில் பின்முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? பூனையே நல்ல யோசனை அம்மா. ஆனால் ஒல்லிப் பூனை தனியாக நின்றால் பஞ்சத்துப் பூனைதான். ராயர் பார்வையிட வந்தபோது மற்ற வீட்டுப் பூனைகள் கொழுகொழுவென்று இருந்தன அல்லவா? பக்கத்தில் குண்டாக இரண்டு வையுங்கள். அப்போது இது ராமன் வீட்டுப் பூனை என்று தெரிந்துவிடும். கிண்ணத்தை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். நகர்த்துகிற மாதிரி இருக்கட்டும்.

கோத்தகிரி உண்ணிக்குச்சி:
கம்பி போட்டேன் தம்பி, முதுகு நின்றுவிட்டது. ஆனால் முதல் தடவை அடுப்பிலிருந்து எடுத்துவிட்டுப் போன் பேசப் போய்விட்டேன். வந்து வளைத்தால் படக்கென்று முறிந்தது.

குண்டுப் பூனைக்குத் தடித்த குச்சியாகச் சுற்றினேன். ஒன்று தேறியது. இன்னொன்று பலாப்பழம். பண்ருட்டி அண்ணா, உங்கள் ஊர் ராசி போல.

கிண்ணம் கொட்டாங்கச்சியில் தேய்த்தது, ஒட்டவில்லை. நேற்றுப் பாட்டி வந்தார். அதை மெல்ல ஒல்லிப் பூனையின் மூக்கருகே தள்ளினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சுடும்டி அதுக்கு" என்று தானே இழுத்துக்கொண்டார்.