அப்பாவின் வலிக் குளிசையை ஒரே நாளில் நிறுத்தியது சரியா?

படுவான்கரை மகள்:
மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம் எங்கள் ஊர். 1990இல் ஷெல் பட்டு அப்பாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இல்லாத பாதம் இரவில் எரிகிறது என்பார். நான்கு வருடமாக டிரமடோல் என்ற வலிக் குளிசை போட்டுத்தான் உறங்கினார். போன மாதம் புதிதாக வந்த டொக்டர் கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு, "இது போதைக் குளிசை, இனித் தர முடியாது" என்று அன்றைக்கே நிறுத்திவிட்டார். இரண்டாம் நாள் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு. ஓயாமல் கொட்டாவி விட்டபடி, தொடையைப் பிசைந்துகொண்டு விடியும்வரை திண்ணையில் இருந்தார். வலிக்கு மருந்து கேட்டவரைப் போதைக்காரராகப் பார்ப்பது என்ன நியாயம்?

கிராமத்து வைத்தியர்:
அப்படிச் சொன்னது பிழை. ஆனால் நிறுத்த நினைத்தது பிழையில்லை. டிரமடோல் வலிப்பை வரவழைக்கலாம்; தூக்கக் குளிசையோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடலாம். அதே வகையில் இன்னும் வலுவான மோர்பினைப் புற்றுநோய் வலிக்கு எழுத நான் ஒருநாளும் தயங்கியதில்லை. வருடக்கணக்கான வலிக்கு இதே வகை மருந்தைத் தொடர்ந்தால் உடல் பழகிவிடும், அளவு ஏறிக்கொண்டே போகும். 1996இல் ஒக்ஸிகொன்ரின் என்ற இதே வகைக் குளிசை சந்தைக்கு வந்தபின் அமெரிக்க வைத்தியர்கள் தாராளமாக எழுதினார்கள். எத்தனை குடும்பங்கள் அழிந்தன!

களுவாஞ்சிக்குடி மருந்தாளர்:
டொக்டர், கதையின் மறுபாதியையும் சொல்லுங்கள். 2016இல் அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வழிகாட்டி வெளியிட்டதும், அதைக் காட்டியே பலருக்குத் திடீரென நிறுத்தினார்கள். நோயாளிகள் பட்ட பாட்டுக்குப் பின் 2022இல் வந்த புதிய வழிகாட்டி, உயிராபத்து நெருங்கினாலொழிய ஒரேயடியாக நிறுத்தாதீர்கள் என்கிறது. இங்கே நிறுத்தப்பட்டவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பாமசியில் டிக்லோபெனக் என்ற வேறு வகை வலிக் குளிசையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். சிறுநீரகம் என்னவாகும்?

கிராமத்து வைத்தியர்:
ஒப்புக்கொள்கிறேன், படிப்படியாகத்தான் குறைத்திருக்க வேண்டும். ஆனால் மகள், ஒரு மாதம் விட்ட உடல் பழைய அளவைத் தாங்காது. மிச்சக் குளிசை வீட்டில் இருந்தால் கொடுத்துவிடாதீர்கள். இல்லாத கால் வலிக்கு, மனச்சோர்வுக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் என்ற குளிசை சிலருக்கு உதவும். அதையும் டிரமடோலையும் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். கண்ணாடிப் பயிற்சியும் உண்டு: நல்ல காலைக் கண்ணாடியில் பார்த்து அசைக்கும்போது, போன காலும் அசைவதாக மூளை எடுத்துக்கொள்ளும். சிலருக்கு எரிவு தணிகிறது.

படுவான்கரை மகள்:
இதில் ஒரு சொல்கூட அன்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. குறைப்பதென்றால் அப்பாவைக் கேட்டுக் குறைத்திருக்கலாம், அவர் மறுத்திருக்கமாட்டார். வெள்ளிக்கிழமை மண்டூர்த் துறையில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறி, குருமண்வெளியில் இறங்கி பஸ் பிடித்துக் களுவாஞ்சிக்குடிக்குக் கூட்டிவருகிறேன். கண்ணாடிப் பயிற்சிக்கு அங்கே யாரைக் கேட்க வேண்டும்?