பேஸ் கிதாருக்குக் கோரஸ் பெடல்: பயன்படுத்தியவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. காட்பாடியில் ஒரு சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். மெதுவான பாடல்களுக்காகத் தெரிந்த தம்பி ஒருவரிடம் கிதார் கோரஸ் பெடலை (ஒரே கிதார் பலர் சேர்ந்து வாசிப்பதுபோல் ஒலிக்கச் செய்யும், காலால் அழுத்தி இயக்கும் சிறு கருவி) இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். மேல் ஸ்வரங்களில் அவ்வளவு அழகு, மனசே நிறைந்துவிட்டது. ஆனால் மிகத் தாழ்ந்த ஸ்வரம் தரும் இ கம்பிக்கு இறங்கியதும் அடிநாதம் கலங்கிவிடுகிறது, டிரம்ஸோடு ஒட்டவே இல்லை.

காரணம் ஓரளவு புரிகிறது. ஒலியின் நகலைச் சில மில்லிவினாடிகள் தாமதித்து, அந்தத் தாமதத்தையே கூட்டிக் குறைத்து, மூல ஒலியோடு கலப்பதுதான் கோரஸ். 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் கீழ் இ-யில் அந்த அசைவு வந்தால் சுருதி தள்ளாடுவது போலிருக்கிறது. பாஸ் (Boss) நிறுவனத்தின் பேஸ் கோரஸ் பெடலான சிஇபி-3-இல், கீழ் ஸ்வரங்களைக் கோரஸ் எவ்வளவு தொடலாம் என்று கட்டுப்படுத்த லோ ஃபில்டர் குமிழ் உண்டு. கிதாருக்காக 1979-இல் வந்த சிஇ-2-இல் ரேட் (அசைவின் வேகம்), டெப்த் (அசைவின் ஆழம்) என்ற இரண்டு குமிழ்கள்தான்.

சிஇபி-3 வைத்திருப்பவர்கள் அந்தக் குமிழை எந்த அளவில் வைக்கிறீர்கள்? பழைய பெடலாக வாங்கினால் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? அப்புறம், வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் யாரிடமாவது இருந்தால் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்க்க விடுவீர்களா? காதால் கேட்காமல் காசு போட மனம் வரவில்லை. பேஸையும் 9 வோல்ட் அடாப்டரையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.