புதுப்பிப்பு: சொந்தப் படகு இல்லாமல் சிட்னி–ஹோபார்ட் போட்டி

சொந்தப் பாய்ப்படகு இல்லாத திருகோணமலைக்காரன், ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து ஹோபார்ட் வரை நடக்கும் பாய்ப்படகுப் போட்டியில் ஓட முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடியும். படகு வைத்திருப்பவரின் குழுவில் ஓர் ஆளாகச் சேர்ந்தால் போதும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். டிசம்பர் 26 புறப்பாடு, 628 கடல் மைல். குழுவில் பாதிப் பேராவது கடல் உயிர்காப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். 1998 போட்டியின்போது அடித்த புயலில் ஆறு பேர் இறந்தபின் விதிகள் நன்றாகவே இறுகிவிட்டன. சரி, முதலில் பயிற்சி.

அதுவரை உப்புவெளியில் நண்பரின் சின்னப் பாய்ப்படகு. ஆளைப் படகோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரின் கொக்கியை ஈரக்கையால், கண்ணை மூடியபடி மாட்டிப் பழகுகிறேன். பத்துக்கு நாலு தரம் வழுக்குகிறது. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த மாமா, "காசு குடுத்து நனையப் போறியோ தம்பி? இஞ்ச வாடைக்கு வா, சும்மாவே நனையலாம்" என்றார்.