புதுப்பிப்பு: முழங்கால் வலியுள்ள அம்மாவோடு நடக்க ஏற்ற நீர்க்கரைகள்

வேலூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும்படி, முழங்கால் வலியுள்ள அம்மாவும் சிறு பிள்ளைகளும் நடக்கத்தக்க கடற்கரையோ ஏரிக்கரையோ உண்டா என்று இங்கே கேட்டிருந்தேன். பழவேற்காடு, வேடந்தாங்கல், காவேரிப்பாக்கம் என்றீர்கள். மூன்றுக்கும் போய்வந்துவிட்டோம், சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

என் தேர்வு வேடந்தாங்கல்தான். ஏரிக்கரை நெடுகிலும் மரநிழல். அம்மா நினைத்த இடத்தில் உட்கார்ந்து எழுந்து நடந்தார். தொலைநோக்கியில் நத்தைகுத்தி நாரையின் அலகைப் பாருங்கள்: வாயை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். மகள் அதை விட்டு நகரவே இல்லை. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதால் ஊர்மக்கள் தலைமுறைகளாக இந்தப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். 2022இல் வேடந்தாங்கல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம்.

பழவேற்காட்டில் கடலும் உப்பங்கழியும் அருகருகே இருக்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளும் பார்க்க வேண்டியவை. ஆனால் மணலில் கால் புதைந்து அம்மா சிரமப்பட்டார். முதியவர்களோடு போகிறவர்கள் வெயிலுக்கு முன்பே நடையை முடித்துவிடுங்கள்.

காவேரிப்பாக்கம் ஏரி நமக்குப் பக்கம். பாலாற்று நீர் வந்து நிறைந்திருக்கும் மாதங்களில் மாலை நடைக்கு அதுவே போதும்.