கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் வீட்டு வைஃபையில் தெரியாத கருவி: உதவி தேவை

உவர்மலைவாசி | திங்கள், இரவு 9.40

வணக்கம். எங்கள் வீட்டு வைஃபையில் எங்களுக்குத் தெரியாத கருவி ஒன்று இணைந்திருக்கிறது. இரண்டு தடவை கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். மறுநாளே அது திரும்பவும் வந்துவிடுகிறது. நான் வீட்டிலிருந்தே வேலை செய்யும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறருடைய காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் விவாகரத்து வழக்கு ஆவணங்களும் என் மடிக்கணினியில் இருக்கின்றன; என்னை நம்பித் தந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்ற நினைப்பில் உறக்கமே வருவதில்லை. வெள்ளிக்கிழமை வேலையாக நிலாவெளியில் ஒரு விடுதியில் தங்க வேண்டியிருக்கிறது. அங்குள்ள வைஃபையைப் பயன்படுத்தலாமா என்பதையும் சொல்லுங்கள். அவசரம்.

பாலையூற்றான் | திங்கள், இரவு 10.05

சகோதரி, நீங்கள் மாற்றியது எந்தக் கடவுச்சொல்? ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய ஒன்றும் வைஃபையில் இணைய இன்னொன்றும் உண்டு. முன்னதை மட்டும் மாற்றினால் இணைந்திருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கருவியை ரவுட்டரின் பட்டியலில் கண்டீர்களா, வேறு செயலியிலா? ரவுட்டர் எவ்வளவு பழையது?

கடலோரக்காற்று | திங்கள், இரவு 10.20

வைஃபையின் பெயரை மறைத்துவிடுங்கள். பெயர் தெரியாத வலையமைப்பில் எவராலும் இணைய முடியாது. என் வீட்டில் மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஒரு தொல்லையும் இல்லை.

வலைக்காவலன் | திங்கள், இரவு 11.10

இதே கேள்விக்கு இங்கே பல தடவை விடை எழுதியிருக்கிறேன். கேட்பவர்கள் பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருடைய நேரமும் மிஞ்சும். பெயரை மறைப்பது பாதுகாப்பே அல்ல. மறைத்த பெயரை உங்கள் கைத்தொலைபேசி, இணையும்போதெல்லாம் குறியாக்கமின்றிச் சொல்கிறது. போதாததற்கு, நீங்கள் பேருந்து நிலையத்தில் நிற்கும்போதும் அதே பெயரைச் சொல்லித் தன் வீட்டு வைஃபையைத் தேடக்கூடும். குறிப்பிட்ட கருவிகளின் முகவரிகளை (ஒவ்வொரு கருவியும் வலையமைப்பில் காட்டும் அடையாள எண்களை) மட்டும் அனுமதிப்பதும் அப்படிப்பட்டதுதான், ஏனெனில் அம்முகவரிகள் காற்றில் வெளிப்படையாகவே செல்கின்றன. ஒட்டுக்கேட்பவர் அவற்றுள் ஒன்றைத் தன் கருவிக்குச் சூட்டிக்கொள்ளலாம். வைஃபையைக் குறியாக்கும் முறைகளான டபிள்யூபிஏ2 அல்லது 2018இல் வந்த டபிள்யூபிஏ3, அதற்கு மேல் நீண்ட கடவுச்சொல்: இவ்வளவே போதும்.

மூதூர் ஆசிரியை | செவ்வாய், காலை 6.30

வலைக்காவலன் ஐயா, நீங்கள் சொன்னது சரி. சொன்ன விதம் சரியில்லை. பயந்து வந்தவரைப் பழைய இழைகளுக்கு அனுப்புவது உதவியாகாது.

தங்கச்சி, ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் என்ற வசதி, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஓர் எண்ணைக் கொடுத்து இணையும் வசதி, திறந்திருக்கிறதா? அதன் எட்டு இலக்க எண்ணை ரவுட்டர் இரண்டு பாதிகளாகச் சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதாலும், பத்துக் கோடிக்குப் பதிலாக 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011இல் வெளியானது. அது திறந்திருந்தால், கடவுச்சொல்லை எத்தனை தடவை மாற்றினாலும் அந்த எண்ணைக் கொடுத்துப் புதிய கடவுச்சொல்லையும் பெற்றுவிடலாம்.

கிண்ணியாத் தம்பி | செவ்வாய், காலை 8.15

அக்கா, அது உங்கள் வீட்டாருடைய தொலைபேசியாகவே இருக்கலாம். அண்ட்ரொய்ட் 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும், தொலைபேசிகள் உண்மையான முகவரியை மறைத்துக் கற்பனை முகவரியொன்றைக் காட்டுகின்றன. பட்டியலிலுள்ள முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E ஆகியவற்றுள் ஒன்றா என்று பாருங்கள். ஆமென்றால் அநேகமாக அப்படிப்பட்ட முகவரிதான். வீட்டிலுள்ள தொலைபேசிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாலையூற்றான் | செவ்வாய், காலை 8.40

இன்னுமொன்று: பல ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளை வெவ்வேறு பெயர்களிலும் வெவ்வேறு கடவுச்சொற்களிலும் வைத்திருக்கும். இரண்டையும் மாற்றினீர்களா?

கடலோரக்காற்று | செவ்வாய், பிற்பகல் 1.05

பெயரை மறைப்பது பற்றி விளங்கிக்கொண்டேன். ஆனால் நிலாவெளி விடுதியில் விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தைக் குறியாக்கி வேறொரு நிறுவனத்தின் வழியாக அனுப்பும் சேவை) இல்லாமல் மடிக்கணினியைத் திறக்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வரவேற்பு மேசையில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லை எழுதி ஒட்டியிருப்பார்கள். டபிள்யூபிஏ2இல் அதை அறிந்த எவரும், நீங்கள் இணையும் கணத்தைப் பதிவுசெய்திருந்தால், உங்கள் இணையப் போக்குவரத்தின் குறியாக்கத்தை விரித்துப் படிக்கலாம்.

வலைக்காவலன் | செவ்வாய், பிற்பகல் 2.30

அது உண்மை, ஆனால் அப்படி விரித்தாலும் எச்டிடிபிஎஸ் தளங்களில் (உலாவிக்கும் தளத்துக்கும் இடையில் தனியாகக் குறியாக்கம் உள்ளவற்றில்) அவருக்குத் தெரிவது பெரும்பாலும் தளத்தின் பெயர் மட்டுமே. விபிஎன் செய்வதெல்லாம் விடுதிக்காரர்மீது வைக்க வேண்டிய நம்பிக்கையை வேறொரு நிறுவனத்தின்மீது மாற்றிவைப்பதுதான். 2019 ஏப்ரலில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது நம்மவர்கள் அவசரத்தில் இறக்கிய இலவச விபிஎன் செயலிகள் இன்றும் எத்தனையோ தொலைபேசிகளில் இருக்கின்றன. அவற்றை நடத்துபவர் யாரென்று தெரியாமலே நம்முடைய போக்குவரத்து முழுவதையும் ஒப்படைத்திருக்கிறோம்.

கடலோரக்காற்று | செவ்வாய், பிற்பகல் 3.10

இலவசச் செயலிகளை நான் பரிந்துரைக்கவில்லை. தளத்தின் பெயரே சில வேளை போதுமானது. ஒருவர் எந்த மருத்துவமனையின் பக்கத்தையோ எந்தச் சட்டத்தரணியின் பக்கத்தையோ திறந்தார் என்பது பக்கத்து அறைக்காரருக்கு ஏன் தெரிய வேண்டும்?

வலைக்காவலன் | செவ்வாய், பிற்பகல் 3.25

அந்த ஒரு காரணத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

மூதூர் ஆசிரியை | செவ்வாய், மாலை 5.50

இரண்டு பேரும் கேட்டவரை மறந்துவிட்டீர்கள். தங்கச்சி, விடுதியில் உங்கள் தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டைப் பயன்படுத்துவதே எளிது. விடுதி வைஃபைதான் வேண்டுமென்றால், பெயரை வரவேற்பறையில் கேட்டு உறுதிசெய்யுங்கள். அதே பெயரில் எவரும் இன்னொரு வலையமைப்பை உருவாக்கலாம். விண்டோஸில் அதைப் பொது வலையமைப்பாகக் குறித்து, கோப்புப் பகிர்வை நிறுத்துங்கள். சான்றிதழ் பிழை என்று உலாவி எச்சரித்தால் அதைத் தாண்டிச் செல்லாதீர்கள். புறப்படும்போது அந்தப் பெயரைத் தொலைபேசியிலிருந்தும் மடிக்கணினியிலிருந்தும் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அவை அடுத்த தடவை கேட்காமலே இணைந்துகொள்ளும். வீட்டிலும் ஆவணங்கள் உள்ள கோப்புறை எதுவும் பகிர்வில் இருக்கக் கூடாது. உங்கள் வைஃபையில் இணைந்ததாலேயே ஒருவர் மடிக்கணினிக்குள் வந்துவிட மாட்டார். திறந்து கிடக்கும் பகிர்வுதான் அவரை உள்ளே விடும்.

உவர்மலைவாசி | வியாழன், இரவு 8.15

தாமதத்துக்கு மன்னியுங்கள். நான் 5இன் கடவுச்சொல்லை மட்டுமே மாற்றியிருந்தேன், 2.4இல் பழையதே இருந்தது. 2020இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, சூம் வகுப்புகளுக்காக அதைப் பின்வீட்டுப் பிள்ளைகளுக்கு நானே கொடுத்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர்கள்மீது ஒரு குற்றமும் இல்லை. இரண்டையும் மாற்றிவிட்டேன், நேற்றிலிருந்து அந்தக் கருவி பட்டியலில் இல்லை. பிள்ளைகளுக்கு விருந்தினர் வலையமைப்பைத் தனியாகத் திறந்துகொடுத்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

மூதூர் ஆசிரியை | வியாழன், இரவு 8.40

மிக்க மகிழ்ச்சி. டபிள்யூபிஎஸ்ஸை அணைத்தீர்களா?

பாலையூற்றான் | சனி, காலை 9.20

சகோதரி, அதற்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.