அப்பா ஓட்டினா மட்டும் பேட்டரி இறங்குது

ஈரோட்டுக்காரன்:
1997 மாடல் கார்புரேட்டர் வண்டி. அப்பா தினமும் காலைல உழவர் சந்தைக்குப் போய்ட்டு வருவார், போக வர ஆறு கிலோமீட்டர். பத்து நாளைக்கு ஒருதடவை செல்ஃப் ‘டக்’குன்னு ஒரு சத்தத்தோட நின்னுடும். அப்புறம் தெருவே சேர்ந்து தள்ளணும். அதே வண்டியை நான் பைபாஸ்ல ஓட்டிட்டு வந்தா ஒரு தொந்தரவும் இல்லை. பேட்டரி போன பொங்கலுக்குத்தான் போட்டது. மெக்கானிக் டைனமோவையே மாத்தணும்ங்கிறார். ஆனா சிவப்பு பேட்டரி விளக்கு ஒருநாளும் எரிஞ்சதில்லையே, சார்ஜிங் நல்லாத்தானே இருக்கணும்? அப்பாகிட்ட கேட்டா, “நீ ஓட்டுற ஓட்டத்துல அது பயந்துக்கிட்டு வேலை செய்யுது”ங்கிறார்.

ரெண்டாம் கியர்:
வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழட்டுங்க ப்ரோ. என்ஜின் நின்னா டைனமோ காலி.

பழைய ஒயரிங்:
அந்த வேலையை மட்டும் செஞ்சுடாதீங்க தம்பி. ஓடும்போது பேட்டரியைப் பிரிச்சா வோல்டேஜ் எகிறி, நல்லா இருக்கிற டயோடும் ரெகுலேட்டரும் போயிடும்.

சாவியை ஆன்ல வையுங்க, என்ஜின் வேண்டாம். அப்போ அந்த சிவப்பு விளக்கு எரியணும். எரியலைன்னா முதல்ல பல்பைப் பாருங்க. அந்தக் கால வண்டிகள்ல பெரும்பாலும் அந்தப் பல்பு வழியாத்தான் டைனமோ காயிலுக்கு முதல் கரண்ட் போகும். பல்பு ஃபியூஸ்னா டைனமோ தூங்கும். ஆக்சிலேட்டரை நல்லா மிதிச்சா உள்ள சுத்துற ரோட்டர்ல மிச்சமிருக்கிற காந்தத்தால தானா முழிச்சுக்கும், அப்புறம் ஒழுங்கா சார்ஜ் ஏத்தும். மெதுவா ஓட்டுறவருக்கு அது முழிக்கவே முழிக்காது. உங்க அப்பா சொன்னது சரிதான்!

மல்டிமீட்டரை பேட்டரி முனைலயே வைங்க. ராத்திரி நிறுத்தின வண்டில 12.6 வோல்ட் இருந்தா பேட்டரி ஃபுல். ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல பாருங்க, ஒரு உறுமு உறுமவிட்டுத் திரும்பப் பாருங்க. 13.8லருந்து 14.4க்குள்ள வரணும். பல்பு நல்லா இருந்தா, அதுலருந்து டைனமோவுக்குப் போற ஒயர், டைனமோவோட கார்பன் பிரஷ்னு தேடலாம். பல்பு மாத்தினா எல்இடி போட்றாதீங்க, அதுல போற கரண்ட் பத்தாது.

ஈரோட்டுக்காரன்:
அண்ணா, சாவி போட்டா விளக்கு எரியலை. ஐடில்ல 12.3, உறுமவிட்டதும் 14.1. டேஷ்போர்டு மீட்டரைக் கழட்டினா பல்பு கறுத்துப்போயிருக்கு. அதே வாட்ஸ்ல இழை பல்பு ஒண்ணு போட்டேன், விலை ஒரு டீக்காசுதான். இப்போ ஸ்டார்ட் பண்ணினதும் 14.1. ஆனா ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டா 13.3க்கு இறங்குது.

பழைய ஒயரிங்:
லைட்டும் ஃபேனும் ஓடுறப்பவே மீட்டரோட ஒரு முனையை டைனமோ பாடில, இன்னொண்ணை பேட்டரி மைனஸ்ல வைங்க. 0.2க்கு மேல காட்டினா எர்த், அதாவது பாடி வழியா பேட்டரி மைனஸுக்குப் போற இணைப்பு, சரியில்லை.

ஈரோட்டுக்காரன்:
0.6! எர்த் போல்ட்டு முழுக்கத் துரு. தேய்ச்சு முடுக்கினேன், இப்போ லைட் போட்டும் 13.9. அப்பா சந்தைக்குக் கிளம்பிட்டார்.